சைப்ரஸ் மலையூரும் அதன் பழைய மாதா கோயில்களும்

மத்தியதரைக் கடல் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு ரோமாபுரியும் ஏதென்ஸும் அலெக்ஸாண்டிரியாவுமே நினைவுக்கு வரும். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகம் நம்மை அந்தப் பெருநகரங்களில் இறக்கிவிட்டு, அங்கிருந்தே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. இடையிலுள்ள சிற்றூர்களில் வண்டி நிற்பதில்லை. அவ்வாறு நிற்காமற்போன ஊர்களுள் ஒன்றிற்கு இம்மலரின் வாயிலாக நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். கப்பற் செலவும் விமானச் செலவும் நம் போன்ற மாதச் சம்பளக்காரர்க்கு எளிதில் எட்டுவன அல்ல. ஆகவே நூல்களையும் தேசப்படங்களையும் புகைப்படங்களையும் துணைக்கொண்டே இந்த யாத்திரை நடைபெறுகிறது. சீட்டு வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நாம் செல்லும் தீவு சைப்ரஸ். அது மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில், துருக்கிக்குத் தெற்கிலும் சிரியாவுக்கு மேற்கிலும் கிடக்கிறது. அதன் பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர். நம் நாட்டின் பெரிய ஜில்லா ஒன்றினுள் அடங்கிவிடும். ஆனால் அதன் பெயரை நம் வீட்டுச் சமையலறை வரையில் கொண்டுவந்து சேர்த்தது செம்பு. பண்டைய ரோமர் இத்தீவிலிருந்து வந்த செம்பைச் 'சைப்ரஸ் உலோகம்' என்றே அழைத்தனர். லத்தீன் மொழியின் 'குப்ரும்' என்ற சொல்லும் ஆங்கிலத்தின் 'காப்பர்' என்ற சொல்லும் அவ்வழியே வந்தவை. தீவின் நடுவே டுரூடோஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. அதன் உச்சி 1,952 மீட்டர் உயரமுள்ளது. கடற்கரையில் எலுமிச்சையும் ஆரஞ்சும் காய்க்கும் அதே குளிர்காலத்தில் இந்த மலைமீது பனி கட்டிப் படிந்திருக்கும். இந்தப் பனியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோயில்களின் கதையில் அதற்கு முக்கியமான பங்கு உண்டு.

மலையின் வடசரிவில் இறங்கும் சோலேயா என்னும் பள்ளத்தாக்கில், கார்கோட்டிஸ் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 670 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது காக்கோபெட்ரியா என்ற ஊர். தலைநகரமான நிக்கோசியாவிலிருந்து 55 கிலோமீட்டர் தொலைவு இருக்கும். கீழே கல்லும் மேலே பச்சைச் செங்கல்லுமாக எழுப்பிய வீடுகள், தெருவை நோக்கி நீட்டிய மர மாடங்கள், செங்குத்தான ஓட்டுக் கூரைகள், ஆற்றோரத்தில் மரங்களின் அடர்ந்த நிழல் என்று இதன் பழைய தெருக்களைப் படங்களில் காண்கிறோம். ஊரின் பெயருக்குக் கெட்ட கல் என்று பொருள் சொல்கிறார்கள். அங்குள்ள பெரும்பாறை ஒன்றின்மீது புதுமணத் தம்பதிகள் உட்கார்ந்தால் இல்லறம் நிலைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததாம்; ஒரு நாள் அப்பாறையே உருண்டு ஒரு தம்பதியை நசுக்கிவிட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, பாறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ரயில்வேயில் காலம் தள்ளுகிறவர்கள் இவ்வூருக்குச் செல்லும் வழியைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் சைப்ரஸ் அரசாங்க ரயில்வே என்று ஒன்று இருந்தது. பாதையின் அகலம் 2 அடி 6 அங்குலம். நமது கால்கா - சிம்லா பாதையின் அகலமும் அதுவேதான். 1905ஆம் ஆண்டில் பாமகுஸ்தா துறைமுகத்திலிருந்து நிக்கோசியா வரையில் முதற்பகுதி திறக்கப்பட்டது. பின்னர் மோர்பூ வரை நீட்டி, 1915இல் சோலேயா பள்ளத்தாக்கின் வாயிலாகிய எவ்ரிக்கூ வரை கொண்டுவந்தார்கள். மோட்டார் லாரிகளும் பஸ்களும் பெருகவே வருமானம் வற்றிப்போயிற்று. மலையடிவாரப் பகுதி 1932இலும், எஞ்சிய பாதை 1951ஆம் ஆண்டின் கடைசி நாளிலும் மூடப்பட்டன. தண்டவாளம் போயினும் எவ்ரிக்கூ ஸ்டேஷன் கட்டடம் பிழைத்தது. அதைப் புதுப்பித்து ரயில்வே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மூடின பாதைக்கு இவ்வளவு மரியாதை செய்த அரசாங்கத்தை நாம் பாராட்டாமலிருக்க முடியுமா?

எவ்ரிக்கூவிலிருந்து மேலேறினால் முதலில் கலாட்டா என்ற ஊர் வரும். பெயரைக் கேட்டு நேயர்கள் நகைக்க வேண்டாம். அது அமைதியான ஊர்தான். அதையடுத்துக் காக்கோபெட்ரியா. அதனையும் கடந்து ஆற்றோடு சில கிலோமீட்டர் மேலே சென்றால், மரங்களுக்கிடையே, தானியக் களஞ்சியமோ மாட்டுத் தொழுவமோ என்று ஐயுறும்படியான ஒரு கட்டடம் தென்படும். அதுதான் 'கூரைத் திருநிக்கலஸ்' என்று அவ்வூரார் வழங்கும் கோயில். 11ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. ஒரு காலத்தில் துறவியர் மடம் ஒன்றின் கோயிலாக இருந்தது. மடம் அழிந்துவிட்டது, கோயில் நிலைத்தது.

கூரையால் ஒரு தெய்வத்துக்குப் பெயர் வருவானேன்? உள்ளேயிருப்பது கிழக்கத்திய ரோம சாம்ராஜ்யத்தின் வழக்கப்படி கல்லால் வளைத்துக் கட்டிய குவிமாடக் கோயில். கான்ஸ்டான்டிநோப்பிளிலோ கிரேக்க நாட்டிலோ அது வெயிலிலும் மழையிலும் அப்படியே நிற்கும். டுரூடோஸ் மலையின் பனி வளைவின்மீது மாதக்கணக்கில் கிடந்தால், ஈரம் கல்லினுள் இறங்கி உட்புறத்துச் சித்திரங்களை உதிர்த்துவிடும். ஆகவே பிற்காலத்தில் மலைவாசிகள் அக்குவிமாடத்தை முழுவதும் மூடி, அதற்கு மேலாகப் பைன் மரச் சட்டங்களால் செங்குத்தான இரண்டாவது கூரை ஒன்றை அமைத்துத் தட்டையான ஓடுகளை வேய்ந்தார்கள். ஒவ்வோர் ஓட்டுக்கும் பின்னால் ஒரு கொக்கிப் புடைப்பு உண்டு. அதனால் ஓடு சட்டத்தில் தொங்கும், சரியாது. பனி விழும், வழுக்கும், தரையில் போய்க் கிடக்கும். மலையாளத்துக் கோயில்களின் இறங்கு கூரையைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அங்கே மழைக்காகச் செய்ததை இங்கே பனிக்காகச் செய்திருக்கிறார்கள். பின்னர் புதிதாகக் கட்டிய கோயில்களில் குவிமாடமே இல்லாமல், தொடக்கத்திலிருந்தே மரக்கூரையை வைத்துவிட்டார்கள். கிழக்கத்திய சபைக் கோயில்கள் எத்தனையோ தேசங்களில் இருந்தும், இந்த முறை சைப்ரஸ் மலைகளுக்கே உரிய தனிச் சொத்து.

எதிரிகளின் கண்ணில் படாமலிருக்கவே கோயில்களைத் தொழுவங்கள்போல் மறைத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. சாமானிய மலைவாசி தன் வீட்டுக்கு எந்தக் கூரையைப் போட்டானோ அதே கூரையைத் தன் ஆண்டவன் வீட்டுக்கும் போட்டான் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

வாயிற்படியைத் தாண்டினால் உள்ளே வேறோர் உலகம். தரையிலிருந்து வளைவின் உச்சி வரையில் சித்திரமில்லாத இடம் அரிது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மீது அது உலருமுன் வர்ணம் தீட்டும் முறை இவற்றிற் பெரும்பாலும் கையாளப்பட்டது. சுண்ணாம்பு இறுகும்போது வர்ணமும் அதனோடு கல்லாகிவிடும். கூரைத் திருநிக்கலஸ் கோயிலில் 11ஆம் நூற்றாண்டு தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரையில் பல தலைமுறைக் கைகள் வேலை செய்திருக்கின்றன. அவற்றுள் ஒரு சித்திரம் நம்மை வெகுநேரம் நிறுத்தி வைத்தது. செபாஸ்தே என்ற ஊரில், தம் சமயத்தைக் கைவிட மறுத்த 40 போர்வீரர்களை உறைந்த ஏரியின்மேல் ஆடையின்றி நிறுத்திச் சாகவிட்டார்கள் என்பது கிறிஸ்தவ மரபு. அந்த நாற்பதின்மரும் குளிரில் ஒருவரையொருவர் நெருங்கி நிற்கும் காட்சி இங்கே தீட்டப்பட்டிருக்கிறது. கடற்கரை ஊரானுக்கு அது ஒரு புண்ணிய கதை; மார்கழிப் பனியில் நடுங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்த காக்கோபெட்ரியாக்காரனுக்கு அது தன் உடம்பே அறிந்த செய்தி.

இதே பள்ளத்தாக்கை ஒட்டி, நிக்கிடாரி ஊருக்கு மேலே ஒரு தனித்த குன்றோரத்தில் அசினூ மாதா கோயில் இருக்கிறது. அசினூ என்ற ஊர் இன்று இல்லை. அதன் கோயில் மட்டும் ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது. நிகெபோரோஸ் என்னும் அதிகாரி அதைக் கட்டினார். அவர் கோயிலின் சிறு உருவத்தைக் கையிலேந்தித் தேவமாதாவின் வழியாக இயேசுநாதருக்குச் சமர்ப்பிக்கும் சித்திரம் உள்ளே உண்டு. சாசனத்தில் ஆண்டு 6614 என்று எழுதியிருக்கிறது. அக்காலத்துக் கிரேக்கர்கள் உலக சிருஷ்டியிலிருந்து ஆண்டைக் கணக்கிட்டார்கள். அவர்களுடைய ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் பிறக்கும். ஆகவே 6614 என்பது 1105 செப்டம்பரில் தொடங்கி 1106 ஆகஸ்டில் முடிகிறது. சில நூல்கள் 1105 என்றும் சில 1106 என்றும் எழுதுவதன் காரணம் இதுவே. ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டை அறிந்த நம்மவர்க்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

பிற்காலத்தில் சேர்த்த முன்மண்டபத்தில் ஒரு வளைவுக்கடியில் இரு வேட்டை நாய்களும், சைப்ரஸ் மலைக்கே உரிய மூப்ளான் என்னும் காட்டு ஆடும் தீட்டியிருக்கின்றன. வானுலகக் காட்சிகளுக்கு நடுவே ஓவியர் தம் ஊர் ஆட்டையும் மறக்காமல் நுழைத்துவிட்டார்!

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். அசினூ கோயில் எழுந்தபோது சைப்ரஸ் தீவு கான்ஸ்டான்டிநோப்பிள் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. மக்கள் கிரேக்கம் பேசினார்கள், சக்கரவர்த்தியும் அம்மொழியே பேசினார், கோயிலிலும் அதுவே ஒலித்தது. 1191இல் மூன்றாம் சிலுவைப் போருக்குச் சென்ற இங்கிலாந்து மன்னர் சிங்கநெஞ்சன் ரிச்சர்டு வழியில் இத்தீவைப் பிடித்தார். பிடித்தவர் வைத்துக்கொள்ளவில்லை, டெம்பிளர் என்னும் போர்த் துறவியர்க்கு ஒரு லட்சம் பொற்காசுக்கு விலை பேசி விற்றார். நிக்கோசியா மக்கள் கலகம் செய்யவே, டெம்பிளர்கள் தீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1192இல் அது லூசிஞான் வமிசத்தைச் சேர்ந்த கீ என்ற பிரெஞ்சுப் பிரபுவின் கைக்குப் போயிற்று. ஓராண்டுக்குள் ஒரு தேசம் மூன்று கை மாறியது. வாங்கியவரும் விற்றவரும் அங்குள்ள மக்களை ஒரு வார்த்தை கேட்டதாகச் செய்தியில்லை.

அதே 1192ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், லகூதரா என்ற மலையூரில் அரக்காஸ் மாதா கோயிலின் ஓவிய வேலை முற்றுப்பெற்றது என்று அங்குள்ள சாசனம் கூறுகிறது. லியோன் என்பவர் அதற்குப் பொருளுதவி செய்தார். தலைநகரத்தில் அரசர்கள் மாறிக்கொண்டிருக்க, மலைமேல் ஓர் ஓவியர் சாரத்தின்மீது நின்று, குவிமாடத்தில் கிறிஸ்துவின் திருமுகத்தை அமைதியாகத் தீட்டி முடித்திருக்கிறார். கிழக்கத்திய ரோமக் கலையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அதனை அறிஞர் போற்றுகின்றனர்.

புதிதாக வந்த ஆட்சியாளர் பிரெஞ்சு மொழியினர். லத்தீன் சபையைச் சேர்ந்தவர்கள். இரு சாராரும் கிறிஸ்தவர்களே. ஆயினும் வழிபாட்டு மொழி வேறு, முறை வேறு, தலைமை வேறு. பூசையில் புளித்த அப்பத்தைப் படைப்பதா புளியாத அப்பத்தைப் படைப்பதா என்ற தகராறில், தம் முறையைக் கைவிடாத காந்தாரா மடத்துத் துறவியர் 13 பேர் 1231இல் தீக்கிரையாக்கப்பட்டனர். 1260இல் போப்பாண்டவர் நான்காம் அலெக்ஸாண்டர் ஒரு கட்டளை பிறப்பித்தார். அதன்படி கிரேக்க சபையின் மேற்றிராணியார் பதவிகள் 14லிருந்து 4ஆகக் குறைந்தது உறுதிப்பட்டது. அந்த நால்வரும் நகரங்களில் தங்கலாகாது, நாட்டுப்புறங்களுக்குப் போய்விட வேண்டும் என்று இடமும் குறிக்கப்பட்டது. நிக்கோசியாவின் கிரேக்க மேற்றிராணியாருக்கு வாய்த்த இடம் எது? நாம் நின்றுகொண்டிருக்கும் இந்தச் சோலேயா பள்ளத்தாக்கே.

நகரத்தில் பெரிய கோயிலும் மானியமும் அதிகாரமும் அயலார் கைக்குப் போயின. மலையில் மிஞ்சியது சிறு கோயில், ஓர் ஊர்ப் பாதிரியார், தாய்மொழி. அதைக்கொண்டே அவர்கள் ஏறத்தாழ 380 ஆண்டுகள், முதலில் லூசிஞான் அரசர்களின் கீழும் 1489 முதல் வெனிஸ் நகரத்தாரின் கீழும் காலம் கழித்தார்கள். சொந்த ஊரைவிட்டு வந்து பிள்ளைகள் நாவில் தமிழ் தங்க வேண்டுமே என்று கவலைப்படும் நமக்கு, சொந்த ஊரிலேயே அந்தக் கவலையோடிருந்த மக்களின் நிலை விளங்காமற் போகாது.

பகைமை ஒன்றே இக்கோயில்களின் கதை என்று எண்ணுவதும் பிழை. கூரைத் திருநிக்கலஸ் கோயிலுக்குரிய மிகப் பெரிய மரப்பலகைப் படம் ஒன்று இப்போது நிக்கோசியாக் காட்சிசாலையில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவே திருநிக்கலஸ் நிற்கிறார். அவர் காலடியில் ஒருபுறம் தன் குதிரையோடு ஒரு லத்தீன் வீரப் பிரபுவும், மறுபுறம் அவன் மனைவியும் மகளும் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆளவந்தவன் ஒருவன், ஆளப்படுகிறவர்களின் மலைக்கோயிலுக்கு ஏறிவந்து காணிக்கை செலுத்தியிருக்கிறான்! நோயோ, பிரார்த்தனையோ, மனைவியின் பிடிவாதமோ, எது அவனை அங்கே கொண்டுவந்ததென்று பலகை சொல்லவில்லை. அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள கலோபனயோட்டிஸ் ஊரில், திரு யோவான் லம்பதிஸ்தி மடத்தில், ஒரே பெருங்கூரையின் கீழ்க் கிரேக்கக் கோயில்களோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஆலயம் 'லத்தீன் சிற்றாலயம்' என்ற பெயரோடு விளங்குகிறது. 1500ஆம் ஆண்டையொட்டி அதில் தீட்டிய சித்திரங்களின் நடை இத்தாலிய நடை. அவற்றின்மேல் எழுதிய எழுத்துகளோ கிரேக்க எழுத்துகள்.

நமக்கு மிகவும் பிடித்தவை மன்னரும் பிரபுக்களும் கட்டிய கோயில்கள் அல்ல. பெதூலாஸ் ஊரில் 1474இல் எழுந்த தேவதூதர் மிக்கேல் கோயிலைப் பாருங்கள். அறை ஒன்றின் அளவே இருக்கும்; கூரை ஒருபுறம் தரையைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. கட்டியவர் வசிலியோஸ் என்ற ஊர்ப் பாதிரியார். கிரேக்க சபையில் ஊர்ப் பாதிரியார் இல்லறத்தாராக இருப்பது வழக்கம். ஆகவே வாயிலுக்கு மேலே அவர் கோயிலின் உருவத்தை ஏந்தி நிற்க, பின்னால் மனைவியும் இரு பெண்மக்களும் அக்காலத்து ஆடையணிகளோடு நிற்கிறார்கள். ஓவியர் மினாஸ், அந்தப் பக்கத்து ஊர்க்காரரே. கான்ஸ்டான்டிநோப்பிள் துருக்கியர் வசமாகி 21 ஆண்டுகள் கழிந்திருந்தன. பொன்னும் ஓவியரும் வந்துகொண்டிருந்த பழைய வழி அடைபட்டுப்போன பின்னர், உள்ளூர்ப் பாதிரியாரின் பணமும் உள்ளூர் ஓவியரின் கையும் சேர்ந்து செய்த வேலை அது. 1494இல் பிளாட்டனிஸ்தாசா ஊரில் பிலிப் கூல் என்ற ஓவியர் தீட்டிய திருச்சிலுவைக் கோயிலுக்குப் பணம் கொடுத்தவரும் ஒரு பாதிரியாரும் அவர் மனைவியுமே. கலாட்டாவில் 1502இல் எழுந்த பொதீத்து மாதா கோயிலில் வெனிஸ் காலத்து இத்தாலியச் சாயல் நன்கு புலப்படுகிறது. அதன் அருகே, 1514இல் சிமெயோன் அக்செந்திஸ் தீட்டிய சிறு கோயிலில், கொடையளித்த குடும்பத்தார் முழுவதும் பிள்ளைகுட்டிகளோடு வரிசையாகச் சித்திரத்தில் நிற்கிறார்கள்.

1571இல் தீவு துருக்கியர் வசமாயிற்று. நகரங்களின் பெரிய லத்தீன் கோயில்கள் பள்ளிவாசல்களாயின. லத்தீன் குருமார் தீவைவிட்டு நீங்க, கிரேக்க சபைக்குப் பழைய தலைமை திரும்பக் கிடைத்தது. மலைக்கோயில்களுக்கு அதனால் செல்வம் பெருகிவிடவில்லை. அதுவே நல்லதாயிற்று என்று நாம் கருதுகிறோம். பணம் படைத்த ஊர்கள் பழையதை இடித்துப் புதியது கட்டிக்கொண்டன. மலையூரார்க்கு அது முடியவில்லை. உடைந்த ஓட்டை மாற்றினார்கள், உளுத்த சட்டத்தை மாற்றினார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். புகை படிந்து சித்திரங்கள் கறுத்தன, ஆனால் அழியவில்லை. 1960களில் அமெரிக்காவின் டம்பார்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தார் அசினூவிலும் லகூதராவிலும் அக்கரியை நீக்கியபோது, அடியில் வர்ணங்கள் ஒளிவிட்டன. 1985இல் யுனெஸ்கோ இந்த மலைக்கோயில்களில் 9 கோயில்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2001இல் பலேகோரி ஊர்க் கோயிலும் சேர்ந்து 10 ஆயிற்று.

இன்றும் இவற்றுட் பலவற்றிற்கு வாயிலில் காவலோ சீட்டுக் கொடுக்கும் இடமோ கிடையாது. போகிறவர்கள் ஊர்க் காபிக் கடையில் விசாரித்துச் சாவி வைத்திருப்பவரை அழைத்துவர வேண்டும். அவர் பாதிரியாராகவோ ஒரு முதியவராகவோ இருப்பார். பெரிய பூட்டுக்குப் பெரிய சாவி.

தீவின் வடபாகத்துக் கோயில்களுக்கு இந்த நற்பேறு கிட்டவில்லை. சைப்ரஸ் 1878இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்து 1960இல் சுதந்திரம் பெற்றது. மூன்றே ஆண்டுகளில் கிரேக்கரும் துருக்கியரும் மோதிக்கொண்டனர். 1964இல் அங்கு நிறுத்தப்பட்ட ஐக்கிய நாட்டு அமைதிப் படைக்கு முதல் தளபதியாகச் சென்றவர் நமது நாட்டின் ஜெனரல் ஞானி. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஜெனரல் திம்மையா 1965 டிசம்பரில் அந்த மண்ணிலேயே காலமானார். சைப்ரஸ் அரசாங்கம் 1966இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 1974 ஜூலையில் ஆட்சிக் கவிழ்ப்பும் அதைத் தொடர்ந்து துருக்கியப் படையெடுப்பும் நிகழ்ந்தபோது அமைதிப் படைக்குத் தலைமை வகித்தவரும் ஓர் இந்தியரே, ஜெனரல் பிரேம் சந்த். தீவு இரண்டாயிற்று. வடக்கிலிருந்த கிரேக்கர் தெற்கிற்கும், தெற்கிலிருந்த துருக்கியர் வடக்கிற்கும் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். கோயில்களும் பள்ளிவாசல்களும் ஓட முடியவில்லை.

ஆளில்லாக் கோயில்களில் களவு நடந்தது. லித்ராங்கோமி ஊரின் கனகாரியா கோயிலில், 6ஆம் நூற்றாண்டில் வண்ணக் கற்களைப் பதித்து அமைத்த சித்திரங்களைச் சுவரோடு பெயர்த்து விற்றுவிட்டார்கள். அவற்றுள் 4 துண்டுகளை 1988இல் அமெரிக்க வியாபாரி ஒருவர் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். சைப்ரஸ் சபை வழக்குத் தொடுத்தது. திருடிய பொருளுக்கு நல்ல உரிமை பிறவாது என்று 1989இல் இண்டியானாபோலிஸ் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 1991இல் அவை தீவுக்குத் திரும்பின. லீசி ஊரின் சிறு கோயிலில் குவிமாடத்துச் சித்திரத்தை 38 துண்டுகளாக அறுத்தெடுத்தார்கள். ஹூஸ்டன் நகரத்து மெனில் நிறுவனத்தார் சைப்ரஸ் சபையின் சம்மதத்தோடு அத்துண்டுகளை மீட்டு, ஒட்டிச் செப்பனிட்டு, அவற்றிற்கென்றே கட்டிய ஆலயத்தில் 1997 முதல் வைத்திருந்து, 2012இல் திருப்பி அனுப்பினார்கள். தெற்கில் துருக்கியர் விட்டுச் சென்ற பள்ளிவாசல்களும் கவனிப்பாரற்றுச் சிதைந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2008இல் இரு சாராரும் சேர்ந்த ஒரு குழு ஏற்பட்டு, கோயில்களையும் பள்ளிவாசல்களையும் ஒருங்கே பழுதுபார்த்து வருகிறது.

லீசிக் குவிமாடத்தின் சித்திரங்கள் தம் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை. நிக்கோசியாவில் பேராயர் மக்காரியோஸ் பெயரால் அமைந்த காட்சிசாலைக்கே அவை வந்தன. கனகாரியாவின் கற்சித்திரங்கள் இருப்பதும் அங்கேதான். குதிரையோடு மண்டியிட்ட அந்த லத்தீன் பிரபுவின் பலகைப் படம் இருப்பதும் அங்கேதான். ஆனால் அந்தப் பலகைப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், வேண்டுமானால் அன்று மாலைக்குள்ளாகவே மலையேறி, அதன் கோயிலையும் கூரையையும் பார்த்துத் திரும்பிவிடலாம்.